இரட்டைப் படக்காரரின் இதழ் யாருக்கு?

அமெரிக்காவில் 1974இல் தேசிய ஸ்டீரியோஸ்கோப்பிக் சங்கம் தோன்றியது. அதன் இதழின் பெயர் ‘ஸ்டீரியோ வேர்ல்ட்’. ஒரே காட்சியின் இரட்டைப் படம் ஒட்டிய பழைய ஸ்டீரியோ அட்டைகளைச் சேகரித்து ஆராய்வதும் அந்தச் சங்கத்தின் நோக்கம். புதிதாக ஸ்டீரியோ படம் எடுப்பதை வளர்ப்பதும் அதன் நோக்கம். விதிமுறைத் தாளில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சண்டையின்றி நிற்கும். இதழுக்குப் பக்கம் ஒதுக்க உட்காரும்போதுதான் வழக்கு பிறக்கிறது. நூற்றைம்பது ஆண்டுப் பழைய அட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கும் கடைச்சீட்டைப் பற்றி எட்டுப் பக்கம் போட்டால், தோளில் காமிராவோடு அலைகிறவர் புரட்டிவிட்டு மூடிவிடுவார். புதிய லென்ஸைப் பற்றி எட்டுப் பக்கம் போட்டால் ஆய்வாளர் அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்ட மாட்டார். இருவரில் யாருக்காக இதழ் நடத்துவது?

பொழுதுபோக்குக்காரர்களின் சில்லறைச் சச்சரவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் துணிபு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருந்துகொண்டு, ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்ட நிலத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், அதன் கனம் தெரியும். நாளை ஈப்போவில் தமிழில் இப்படி ஓர் இதழ் தொடங்கினால், அது படம் எடுப்பவருக்கே உரியதாக இருக்க வேண்டும். ஆராய்பவருக்கு வேண்டிய படங்கள் எங்கள் ஊரில் இன்னும் எடுக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம்.

முதலில் அடிப்படை. நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒரே பொருளை இடக்கண் ஒருவிதமாகவும் வலக்கண் சற்றே வேறுவிதமாகவும் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணித்துக்கொள்கிறது. சார்ல்ஸ் வீட்ஸ்டன் இதை 1838இல் லண்டனில் விளக்கினார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, கையால் வரைந்த கோட்டுப் படங்களையும் இரண்டு முகக்கண்ணாடிகளையும் வைத்து அவர் அதைக் காட்டிவிட்டார். 1849இல் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் பொருத்திய பெட்டியைக் கொண்டுவந்தார். 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் விக்டோரியா ராணி அதை விரும்பிப் பார்த்தபின், அந்தப் பெட்டி வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல், தொலைதூர நாடுகளை மக்கள் பார்த்தது பெரும்பாலும் இரட்டைப் படம் ஒட்டிய அட்டைகளில்தான்.

தமிழருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்கு லினேயஸ் டிரைப்பைக் காட்டலாம். சென்னை ராணுவத்தில் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். அந்த நீளப் படத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதே பயணத்தில் மதுரைக்கு ஒன்றும், திருச்சி தஞ்சாவூர் வட்டாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்டீரியோ தொகுப்புகளை அவர் 1858இல் வெளியிட்டார் என்பதைச் சொல்பவர் குறைவு.

டிரைப் வரலாற்றாசிரியர் அல்லர். படம் எடுப்பவர். அவருடைய பெரிய படங்களோடு வந்த விளக்கக் குறிப்புகளில் பலவற்றை வேறு சிலர் எழுதினார்கள். அவர் காகித நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் தூரிகையால் மேகம் தீட்டிய பழக்கமும் உடையவர். ஒற்றைப் படத்தில் அந்த மேகத்தை உண்மை என்று நம்பிவிடலாம். இரட்டைப் படத்தில் அது எளிதில் நடக்காது: இடப்பக்கம் தீட்டிய மேகமும் வலப்பக்கம் தீட்டிய மேகமும் மயிரிழை பிசகினாலும், மேகம் கோபுரத்துக்கு முன்னால் வந்து தொங்கும். கையால் இரட்டைப் படம் எடுத்துப் பார்த்தவருக்கு இது ஒரு நொடியில் தெரியும். படித்து மட்டுமே அறிந்தவர் அதைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகலாம். சென்னை கவர்னராக 1859இல் வந்த சர் சார்ல்ஸ் டிரெவெலியன் இந்த வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தினார். இன்றைக்கு ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கோயில்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலையை அறிய அந்த ஆடம்பரத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

இனிப் பேராக். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 81ஆம் படைப்பிரிவு மலாயாவை வானத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டே இருந்தது. ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற போர்விமானம் அந்தப் படையில் கடைசியாகப் பணிக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று. அதுவும் ஜொகூர் காட்டுக்கு மேல், படம் எடுக்கத்தான். வான்படம் எடுக்கும் முறையில் ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு ஐந்தில் மூன்று பங்கு ஒத்திருக்கும்படி எடுப்பார்கள். அப்படி எடுத்த அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் நிலம் எழுந்து நிற்கும். காட்டின் உயரம் வேறு, பால்மரத்தின் உயரம் வேறு, காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போட்ட காய்கறிப் பாத்தியின் உயரம் வேறு. பார்த்துப் பழகியவர் பிரித்துவிடுவார்.

நம் தோட்டங்களின் பெரும் இரட்டைப் படத் தொகுப்பை அந்நாளில் எடுத்தவர்கள் இந்த விமானிகள்தான். அதில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரை தெரியும். கூரைக்குக் கீழே அடுப்பு எந்த மூலையில் இருந்தது, சாமிப் படம் எந்தச் சுவரில் இருந்தது, திண்ணைக்கும் சாக்கடைக்கும் எத்தனை அடி என்பதெல்லாம் அந்த உயரத்தில் இல்லை. தரையிலிருந்து எடுத்த வணிக அட்டைகளோ உலகச் சந்தைக்காக எடுக்கப்பட்டவை. அந்நாளைய பெரிய அட்டைக் கம்பெனியான கீஸ்டோன், பள்ளிக்கூடங்களுக்கென்றே அறுநூறு படத் தொகுப்பு விற்றது. அட்டையின் பின்புறம் புவியியல் பாடம் அச்சிட்டிருக்கும். விளைபொருள் பாடத்தின் தலைப்பாக இருக்கும். விளைவித்த கைக்குப் பெயர் இருக்காது.

எனவே எங்கள் ஊரில் ஆய்வாளருக்கென்று இதழ் நடத்தினால் என்ன நடக்கும்? பத்து இருபது வெளிநாட்டு அட்டைகளையும் துரை பங்களா படங்களையும் திரும்பத் திரும்ப அச்சிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய அடிக்குறிப்பு எழுதுவோம். அடிக்குறிப்பு நீளும். படம் வளராது. சேகரிப்பவர் நிறைந்த ஊருக்கு அந்த இதழ் பொருந்தலாம். அங்கே பழைய வீடுகளின் பரணில் அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எடுத்து முடித்ததை ஆராய்வதே அங்கே நேர்மையான பணி. லயத்து வீட்டில் பரணே கிடையாது.

எடுக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவரை ஒரு பால்மரத்தின் அருகே கூட்டிப்போக விரும்புகிறேன். கோலகங்சாரில் ஹியூ லோ 1877இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்வது ஒரு சாதாரண மரம், வெட்டி ஓய்ந்தது.

மரத்தின் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டரை எட்டியதும், நட்ட ஐந்தாறு ஆண்டில், பால் வெட்டத் தொடங்குவார்கள். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் கூடுதல் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் உளி ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவி எடுக்கும். ஆழம்தான் வித்தை. உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நின்றுவிட வேண்டும். நாலு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றால் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் அதிகம் விழாது. படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஏழெட்டு ஆண்டு கழித்துத் திரும்ப அந்தப் பக்கம் வெட்ட வரும்போது உளி தடுக்கும். இத்தனையும் விடியுமுன், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்து, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாக, நூற்றுக்கணக்கான மரங்களில் நடந்த வேலை.

அந்தக் கைத்திறன் பட்டையில் பதிந்திருக்கிறது. நேராக நின்று ஒற்றைப் படம் எடுத்தால் சாம்பல் நிறத்தில் சில கோடுகள் மட்டும் விழும். முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை ஒரு சென்டிமீட்டர் மட்டும் வலப்பக்கம் நகர்த்தி இரண்டு படம் எடுத்தால், பட்டை படிக்கட்டாக எழுந்து நிற்கிறது. நிதானமான கை போட்ட வெட்டுகள் ஒரே ஆழத்தில் வரிசையாக இறங்குகின்றன. நடுவில் ஓரிடத்தில் சரிவு மாறுகிறது, ஆழம் மாறுகிறது. அங்கே கை மாறியிருக்கிறது. கீழே மூன்று விரல்கடை அகலத்துக்கு முண்டுகள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பல காலம் பால் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவிடம் இப்படி ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, பார்வைக் கருவியோடு கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இது பழகாத கையி தம்பி. பயந்து பயந்து மேலாக்க வெட்டியிருக்கு. அப்புறம் ஏச்சு விழுந்திருக்கும். இந்தா பாரு, கோவத்துல ஆழமா எறக்கிட்டாங்க” என்றார். பிறகு கருவியை இறக்காமலே, மேல் வரிசையை வெட்டிய கை யாருடைய வேகத்தில் இருக்கிறது என்று பேசத் தொடங்கினார். எந்த ஆவணக் காப்பகத்திலும் இந்த வாசிப்பு கிடைக்காது. அந்த அம்மாவின் தலைமுறைக்குப் பிறகு எங்குமே கிடைக்காது.

இன்னொரு பக்கம் மரமும் காத்திருப்பதில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டில் மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்குப் போகும். மறுநடவு பெரும்பாலும் செம்பனை. ஒரு தோட்டத்தின் கைத்திறன் முழுவதும் அதன் மரங்களின் பட்டையில் இருக்கிறது. அந்த ஏடு லாரியில் ஏறிப் போய்விடுகிறது. இதைப் படம் எடுத்து வைக்க வரலாறு படித்தவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா?

இங்கே மறுதரப்பின் தடைகளை எடுத்துக்கொள்வது முறை. மூன்றில் முதலாவது வலுவானது.

எடுப்பவருக்கான பக்கங்கள் சீக்கிரம் காலாவதியாகின்றன என்பார்கள். உண்மை. ஃபியூஜிஃபிலிம் 2009இலும் 2010இலும் இரட்டை லென்ஸ் டிஜிட்டல் காமிராக்களை வெளியிட்டது; அந்த வரிசை தொடரவில்லை. முப்பரிமாணத் தொலைக்காட்சி என்று கடைகளில் அடுக்கிய பெட்டிகளைப் பெரிய கம்பெனிகள் 2017க்குள் கைவிட்டன. அந்த ஆண்டுகளில் அந்தக் கருவிகளுக்கு ஒதுக்கிய பக்கங்களை இன்று யார் படிக்கப் போகிறார்கள்? வரலாற்றுக் கட்டுரையோ எத்தனை ஆண்டு கழித்தும் படிக்கத் தகும் என்பது வாதம்.

இதற்கு விடை: செய்முறைப் பக்கம்தான் பின்னாளில் வரலாற்றுக்குத் திறவுகோல். ஓர் எடுத்துக்காட்டு போதும். இரட்டை லென்ஸ் காமிராவில் விழுந்த நெகட்டிவிலிருந்து அப்படியே ஒரே தாளில் அச்செடுத்தால், இடக்கண் படம் வலப்பக்கமும் வலக்கண் படம் இடப்பக்கமும் அமைந்துவிடும். நடுவில் வெட்டி இடம் மாற்றி ஒட்ட வேண்டும். மறந்தால் உலகம் உள்வெளியாகப் புரளும்: தூண் குழியாகும், வாசல் மேடாகும். பழைய அட்டைகளிலும் பட்டறைக்காரரின் கைமறதியால் இப்படி ஆனவை உண்டு. கையால் ஒட்டிப் பார்த்தவர் அட்டையைப் பார்த்ததும் கண்டுபிடித்து, மனத்துக்குள் மாற்றிப் போட்டுப் படிப்பார். ஒட்டியறியாதவர் அந்தக் குழியைக் கட்டடக் கலையின் புதுமை என்று எழுதக்கூடும். அதேபோல, ஒற்றை லென்ஸ் காமிராவை நகர்த்தி இரண்டு முறை எடுத்த படத்தில், இடையே நகர்ந்த மனிதர் ஒரு கண்ணுக்கு ஓரிடத்திலும் மறுகண்ணுக்கு வேறிடத்திலும் நிற்பார். பார்க்கும்போது அவர் நடுங்குவதாகத் தோன்றும். அந்த நடுக்கத்தை வைத்து எந்த வகைக் காமிரா என்று சொல்லிவிடலாம். அட்டை தட்டையாக இருந்தால் ஒரு காலம், வளைந்திருந்தால் பெரும்பாலும் 1879க்குப் பிற்பட்டது. இவையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிவந்த சங்கதிகள். 1947இல் ‘ஸ்டீரியோ ரியலிஸ்ட்’ காமிரா வந்து அமெரிக்க வீடுகளில் ஸ்லைடுகள் குவிந்தன. அந்த ஸ்லைடுகளை எப்படிச் சட்டத்தில் பூட்டினார்கள், ஏன் சிலவற்றைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்பதற்கு இன்று அந்நாளைய பொழுதுபோக்குக்காரர்களின் செய்முறைப் பத்திகள்தான் சாட்சி.

இரண்டாவது தடை பணம் பற்றியது. சேகரிப்பவர் சந்தா கட்டுவார், விளம்பரம் தருவார். எடுப்பவர் கருவிக்கே செலவழித்துவிடுவார் என்பது. நம் ஊரில் இந்தத் தடை நிற்காது, சேகரிப்பவரே அரிது. போகட்டும்.

மூன்றாவது: எல்லோரும் கைப்பேசியில் நாள்தோறும் படம் எடுக்கிறார்கள், அவர்களுக்கு இதழ் எதற்கு? இவ்வளவு பேர் எடுப்பதால்தான் இதழ் வேண்டும் என்பேன். எடுக்கத் தெரிந்தவர் வேறு, எதை எவ்வளவு தள்ளி நின்று எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் வேறு. இரட்டைப் படக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: முன்னால் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவு காமிராவை நகர்த்து. மரப்பட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று மேலே சொன்னது இந்தக் கணக்குதான். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி கோட்டை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்ற மாளிகை. எல்லோரும் கோட்டையைப் படம் எடுக்கிறார்கள். அதன் அருகே, நச்சுக் காய்ச்சலில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இறந்தபோது மற்றவர்கள் வேண்டிக் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரைமேல் துரை உடுப்பில் நிற்கும் உருவம் கெல்லி ஸ்மித்துடையது என்பார்கள். தெய்வ உருவங்களுக்கிடையில் அந்தத் துரை உருவம் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே வைக்கப்பட்டிருக்கிறது? கட்டியவர்கள் யோசித்து வைத்த இடம் அது. தரையில் நின்று சாதாரணமாக எடுத்த படம் அதைச் சொல்லாது. பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, காமிராவை அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தால் சொல்லும்.

எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலைகளுக்கும் அதே கணக்கு. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மலை நம் ஆறரை சென்டிமீட்டர் கண்ணுக்குத் திரைச்சீலைதான். அதற்கு நூறு மீட்டர் நகர வேண்டும். யார் நகர்வது? மின்ரயில் நகரும். மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ முப்பத்தொன்பது மீட்டர் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு படம், இரண்டரை நொடி கழித்து ஒரு படம். மலையின் மடிப்புகளும், கல்லுடைக்கும் ஆலைகள் அறுத்த வெள்ளைப் பள்ளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து நிற்கும். ஆண்டுக்கொரு முறை அதே ஜன்னலில் அதே இடத்தில் எடுத்தால், மலையின் எந்தப் பக்கம் எவ்வளவு போயிற்று என்று அளந்துவிடலாம். இப்படி ஒரு பத்தி இதழ்தோறும் வந்தால், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை நிமித்தம் போய்வருகிற பலருக்குக் கையில் வேலை கிடைக்கும். நில வரலாறு தானாகச் சேரும்.

பயிற்சிப் பக்கம் வரலாற்றை வளர்த்ததற்கு நம் மொழியிலேயே, இந்த மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கும்போது அமெரிக்க இதழ் வரை போவது மிகை. 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். மலாயாவில் சிறுகதையின் வரலாற்றை எழுதுங்கள் என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. கதை எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்து, எழுதி அனுப்பச் சொல்லி, திருத்தினார்கள். அதே பத்தாண்டில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வழியாக இளையவர்களை எழுத வைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளும் எழுதினார்கள். இன்றைக்கு மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிற எவரும் இந்த இரண்டையும் கடக்காமல் போக முடியாது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. அது உருவாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகள் நிற்கின்றன. அந்த ஆசிரியர்கள் பக்கத்தை ஆய்வாளர்களுக்கு ஒதுக்கியிருந்தால், ஆராய இன்று என்ன இருந்திருக்கும்?

ஆய்வாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீரியோ உலகில் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பது என் கருத்து. பாஸ்டனில் மருத்துவர், எழுத்தாளர். 1859இல் எழுதிய கட்டுரையில், நூலகம் போல ஸ்டீரியோ படங்களுக்கு ஒரு சேமிப்பகம் வேண்டும் என்று கேட்டார். இரண்டே ஆண்டில் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியைத் தானே வடிவமைத்து, காப்புரிமை எடுக்காமல் விட்டார்; யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றாயிற்று. அமெரிக்கச் சங்கம் தன் ஆய்வு நூலகத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியது. சேமிப்பகம் கேட்டவரும் கருவி செய்தவரும் ஒரே ஆள். கையில் பிடித்துப் பார்க்கிறவர் பெருகினால்தான் சேமிப்பகம் நிரம்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் இதழின் மூன்றில் இரண்டு பங்கு எடுப்பவருக்கு, ஒரு பங்கு ஆராய்பவருக்கு என்று பிரிப்பேன். ஆராய்பவருக்கு ஒரு நிபந்தனை: கட்டுரையோடு தான் எடுத்த ஓர் இரட்டைப் படமாவது அனுப்ப வேண்டும். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எடுப்பவருக்கும் நிபந்தனை உண்டு, அது கடுமையானது. எந்த நாள், எந்தத் தோட்டம், பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் என்ன, நம் ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் என்ன, காமிராவை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்தினார், எது இடப்படம், படத்தில் இருப்பவர் யார், அவர் சம்மதித்தாரா என்ற குறிப்பு இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அச்சேறக் கூடாது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஒரே தோட்டம் நாலைந்து பெயரில் உடைந்தது. அரசியல் தலைவர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படி உடைபடவிருந்த தோட்டங்களை வாங்கியது. பெயர்கள் இப்படிப் புரண்ட நிலத்தில், ஊர்ப்பெயர் இல்லாத படம் அநாதை.

படங்களைச் சுற்றுக்கு விடும் முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1893இல் தொடங்கிய ஸ்டீரியோஸ்கோப்பிக் சொசைட்டி ஓர் அஞ்சல் மன்றமாகவே நடந்தது. ஒரு பெட்டியில் படங்களைப் போட்டு உறுப்பினர் ஒருவர் மற்றவருக்குத் தபாலில் அனுப்புவார். பார்த்தவர் கருத்துத் தாளில் எழுதிச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். நம் பெட்டி ஈப்போவில் புறப்பட்டு சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் போய், அங்கிருந்து கீழிறங்கி சித்தியவான், தெலுக் இந்தான், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் வழியாகத் திரும்பட்டும். உள்ளே இருபது அட்டைகள், ஒரு பார்வைக் கருவி, கெட்டியாகத் தைத்த ஒரு நோட்டுப் புத்தகம்.

ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறப்பவர், அடுத்த ஊருக்கு அனுப்புமுன் அதைப் பால் வெட்டியவர் ஒருவரிடமோ, லயத்தில் வளர்ந்தவர் ஒருவரிடமோ காட்டியாக வேண்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே நோட்டில் எழுத வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். அவர்கள் சம்மதித்தால் அந்தக் குறிப்பு படத்துக்குக் கீழே அவர்கள் பெயரோடு அச்சாகும். ஆசிரியரின் குறிப்பு அதற்கு அடுத்து வரும். முதல் பெட்டிக்குப் பட்டைப் படங்கள் மட்டும் அனுப்பலாம். ஒவ்வொரு படத்திலும் பட்டையின் பக்கத்தில் சென்டிமீட்டர் போட்ட பள்ளிக்கூட அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும், வெயில் ஏறுமுன் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும், மறுநடவுக்குக் குறித்துவிட்ட தோட்டங்களுக்கு முன்னுரிமை.